வாசகர் கேள்வி – பதில்: பலர் சேர்ந்து வாழும் வீட்டில் தொலைக்காட்சி உரிமம்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோரும், அங்கே நான்கைந்து பேராகச் சேர்ந்து வீடெடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்களும் தொலைக்காட்சி உரிமத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்களிலேயே இந்தக் கவலை கடித வடிவில் வாசலுக்கு வந்துவிடும் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் செப்டம்பரில் லெஸ்டரில் முதுநிலைப் படிப்பில் சேருகிறாள். "லேப்டாப்பில் பார்த்தால்கூட டிவி லைசென்ஸ் வேண்டுமாம் அப்பா, இல்லாவிட்டால் ஆயிரம் பவுண்டு அபராதமாம்" என்கிறாள். டிவி பெட்டியே வாங்கப் போகாதவளுக்கு எதற்கு லைசென்ஸ்? (ஒரு தந்தை, திருச்சி)

பதில்: உங்கள் மகள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. தொலைக்காட்சி உரிமம் என்பது ஆண்டுதோறும் பணம் கட்டி எடுக்கும் அனுமதி; அந்தப் பணம் பிபிசிக்குப் போகிறது. பிரிட்டனில் இரண்டு செயல்களுக்கு மட்டுமே உரிமம் தேவைப்படுகிறது. முதலாவது, எந்தச் சேனலின் நிகழ்ச்சியானாலும் அது ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே பார்ப்பது, அல்லது அப்போது பதிவு செய்துகொள்வது. இரண்டாவது, பிபிசியின் ஐபிளேயர் என்ற இணையச் சேவையில் அதன் நிகழ்ச்சிகளைப் பார்ப்பது. இதில் நேரலை, பழைய நிகழ்ச்சி என்ற வேறுபாடு கிடையாது. இந்த இரண்டாவது விதி 2016 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டில் ஒன்றைச் செய்கிறவர் பெரிய திரையில் பார்க்கிறாரா, மடிக்கணினியில் பார்க்கிறாரா, கைப்பேசியில் பார்க்கிறாரா என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டையும் செய்யாதவர் வீட்டில் டிவி பெட்டியே இருந்தாலும், அதை விளையாட்டுக் கருவிக்கோ நெட்ஃபிளிக்ஸ் படத்துக்கோ மட்டும் பயன்படுத்தினால் உரிமம் வேண்டியதில்லை.

உங்கள் வயதொத்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமான ஏற்பாடு அல்ல. நம் நாட்டிலும் 1980களின் நடுப்பகுதி வரை ரேடியோவுக்கும் டிவிக்கும் லைசென்ஸ் இருந்தது. என் தந்தை ஆண்டுதோறும் அந்தச் சிறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தபால் அலுவலகத்துக்குப் போய்ப் பணம் கட்டி முத்திரை வாங்கி வருவார். வந்ததும் அதை ரேடியோவின் துணி உறைக்குள்ளேயே பத்திரமாகச் செருகி வைப்பார். அந்த வழக்கத்தின் பிறப்பிடம் பிரிட்டன்தான். அங்கே 1922 நவம்பரில் 10 ஷில்லிங் கட்டணத்தில் வானொலி உரிமமும், 1946 ஜூனில் 2 பவுண்டு கட்டணத்தில் தொலைக்காட்சி உரிமமும் தொடங்கின. வானொலிக்கான தனி உரிமத்தை 1971இல் எடுத்துவிட்டார்கள். எனவே உங்கள் மகள் பிபிசி வானொலியை எந்நேரமும் கேட்கலாம். பிபிசி தமிழின் செய்திகளை இணையத்தில் படிக்கலாம், அது யூடியூபில் ஏற்றி வைத்திருக்கும் காணொளிகளையும் பார்க்கலாம். எதற்கும் உரிமம் வேண்டாம்.

கட்டணம் 2024 மார்ச் வரை ஆண்டுக்கு 159 பவுண்டாக இருந்து, அந்த ஏப்ரலில் 169.50 ஆகி, 2025 ஏப்ரல் 1 முதல் 174.50 பவுண்டு ஆனது. ஏப்ரல்தோறும் விலைவாசியை ஒட்டி இது மாறுகிறது என்பதால் கட்டும் நாளில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்வையற்றவர்களுக்குப் பாதிக் கட்டணம் உண்டு. மாணவர்களுக்கென்று கட்டணச் சலுகை ஏதும் இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கும் உள்நாட்டு மாணவர்களுக்கும் விதி ஒன்றே. அபராதம் அதிகபட்சம் 1000 பவுண்டு, அதற்கு மேல் வழக்குச் செலவு என்பதும் சரியே. ஆனால் அது உச்சவரம்பு. நீதிமன்றம் ஒருவரது வருமானத்தையும் சூழ்நிலையையும் பார்த்தே தொகையை முடிவு செய்யும்.

கேள்வி: கோவென்ட்ரியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்திருக்கிறோம். கீழே கூடத்தில் ஒரு டிவி இருக்கிறது. மாடியில் என் அறையிலும் ஒன்று வைத்திருக்கிறேன். எத்தனை லைசென்ஸ் வேண்டும்? ஆளுக்கொன்று என்கிறார் ஒரு நண்பர். வீட்டுக்கொன்று என்கிறார் இன்னொருவர். (ஒரு மாணவர், கோவென்ட்ரி)

பதில்: நண்பர்கள் இருவரும் சொல்வது சரியாக இருக்கக்கூடும், வெவ்வேறு வீடுகளுக்கு. உங்கள் வீட்டில் எது சரி என்பதை நீங்கள் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். ஆகவே டிவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்தத் தாளை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள்.

ஐந்து பேரின் பெயரும் ஒரே ஒப்பந்தத்தில் வாடகைதாரர் என்ற இடத்தில் வரிசையாக இருந்து, வீடு முழுவதும் உங்கள் ஐவருக்கும் சேர்த்து விடப்பட்டிருந்தால் அது கூட்டு ஒப்பந்தம். அப்படியானால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் ஐவரும் ஒரு குடும்பத்தைப் போல ஒரே வீட்டில் இருப்பவர்கள். பொதுவாக ஒரே உரிமம் கூடத்து டிவியையும் மாடியறை டிவியையும் மற்றவர்களின் மடிக்கணினிகளையும் சேர்த்துக் காக்கும். மாறாக, ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்து, "அறை எண் 3" என்பதுபோல ஓர் அறை மட்டும் உங்களுக்கு விடப்பட்டு, சமையலறையையும் கூடத்தையும் மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் உரிமை தரப்பட்டிருந்தால் அது தனி ஒப்பந்தம். அப்போது அந்த அறையே உங்கள் வீடு. அங்கே நேரலையோ ஐபிளேயரோ பார்த்தால் உங்களுக்குத் தனி உரிமம் வேண்டும். பக்கத்து அறைக்காரர் எடுத்து வைத்திருக்கும் உரிமம் உங்கள் அறைக்குள் செல்லாது.

தனித்தனி ஒப்பந்தம் உள்ள வீட்டிலும் ஒரு வழி உண்டு. யாரும் தத்தம் அறையில் பார்க்காமல் எல்லோரும் கூடத்து டிவியில் மட்டும் பார்ப்பதென்று முடிவு செய்தால், அந்தப் பொது இடத்துக்கு ஓர் உரிமம் போதும். 2025இன் 174.50 பவுண்டுக் கணக்கில், ஐவர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 34 பவுண்டு 90 பென்ஸ்தான் ஆனது. கிரிக்கெட் போட்டியைப் பார்ப்பதற்கென்று எப்படியும் கூடத்தில் ஒன்றுகூடும் பிள்ளைகளுக்கு இது நல்ல ஏற்பாடு என்பது என் எண்ணம். ஆனால் பேச்சு பேச்சாகவே போய்விடக் கூடாது. உரிமம் ஒருவர் பெயரில்தான் வரும், பணமும் ஒருவர் கணக்கிலிருந்துதான் போகும். அவர் நடுவில் வீடு மாறும்போது உரிமத்தையும் புது முகவரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டால், மீதி நால்வரும் தமக்குத் தெரியாமலே உரிமமில்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வாரத்திலேயே யார் பெயரில், யார் எவ்வளவு, விலகுகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதை வாட்ஸ்அப் குழுவிலாவது எழுத்தில் போட்டு வையுங்கள்.

வீட்டுக்காரர் "பில் எல்லாம் வாடகையிலேயே சேர்த்தி" என்று சொல்லியிருந்தால், அந்தச் சொல்லில் தொலைக்காட்சி உரிமமும் அடங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் ஆகியவற்றோடு அது நின்றுவிடும். முழுநேர மாணவர்கள் மட்டுமே வாழும் வீட்டுக்கு உள்ளாட்சி வரியாகிய கவுன்சில் டாக்ஸ் கிடையாது என்பதையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாணவர் சான்றிதழைக் காட்டி அந்த வரியிலிருந்து விடுபடலாம். உரிமத்திலிருந்து விடுபட முடியாது.

கேள்வி: நான் தங்குவது ஷெஃபீல்டில் ஒரு மாணவர் விடுதி. ஆறு அறைகளுக்கு ஒரு சமையலறை. வீட்டின் கதவுக்கு ஒரு சாவி, என் அறைக்கு ஒரு சாவி. பல்கலைக்கழகமே லைசென்ஸ் எடுத்திருக்காதா? (ஒரு மாணவி, ஷெஃபீல்டு)

பதில்: விடுதியின் பொதுக்கூடத்தில் உள்ள பெரிய டிவிக்கு நிர்வாகம் உரிமம் எடுத்திருப்பது வழக்கம். அது உங்கள் அறைக்கு வராது. விடுதிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி ஒப்பந்தமே தரப்படுவதால், அறையில் பார்ப்பவர் தமக்கென்று உரிமம் எடுத்தாக வேண்டும்.

நடுவில் நிற்பது உங்கள் ஆறு பேருக்கான சமையலறை. ஒருவர் பழைய டிவி ஒன்றை வாங்கி வந்து அங்கே மாட்டிவிடுகிறார். அது விடுதியின் பொது இடம், ஆகவே நிர்வாகத்தின் உரிமம் அதையும் காக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். விடுதி அலுவலகத்துக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதி, "எங்கள் பிளாட்டின் சமையலறை உங்கள் உரிமத்தில் அடங்குமா?" என்று கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள். இல்லை என்று பதில் வந்தால் ஆறு பேர் சேர்ந்து ஓர் உரிமம் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பெற்றோர் வீட்டில் லைசென்ஸ் இருந்தால் பிள்ளைக்குத் தனியாக வேண்டாம் என்று ஒரு சலுகை இருக்கிறதாமே? எங்கள் வீடு லண்டன் ஹாரோவில். மகன் படிப்பது மான்செஸ்டரில். அவனோடு இருக்கும் பையனின் பெற்றோர் மதுரையில் இருக்கிறார்கள். இருவருக்கும் இது பொருந்துமா? (ஒரு தாய், ஹாரோ)

பதில்: உங்கள் மகனுக்குப் பொருந்தலாம், மதுரைப் பையனுக்குப் பொருந்தாது.

விதி இதுதான்: மாணவர் விடுமுறையில் போய்த் தங்கும் வீட்டுக்கு, அதாவது பெரும்பாலும் பெற்றோர் வீட்டுக்கு, நடப்பு உரிமம் இருக்க வேண்டும். அவர் பார்க்கும் கருவி தன் உள்ளேயே உள்ள பேட்டரியால் மட்டும் இயங்க வேண்டும். பார்க்கும்போது அது ஆண்டெனாவோடும் இணைந்திருக்கக் கூடாது, சுவர் மின்சாரத்தோடும் இணைந்திருக்கக் கூடாது. இத்தனையும் ஒருசேர நிறைவேறினால் பெற்றோரின் உரிமமே போதும். மதுரை வீட்டுக்குப் பிரிட்டன் உரிமம் இருக்க வழியில்லை என்பதால், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நேராகப் போகும் மாணவர்களுக்கு இந்தச் சலுகையின் கதவு முதல் நிபந்தனையிலேயே மூடிவிடுகிறது. இதைத் தெரியாமல், உடன் தங்கியிருக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் சொல்வதை நம்பி ஓராண்டு முழுவதும் பார்த்துவிட்டுப் பிறகு திகைத்த மாணவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

உங்கள் மகனும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு மாலை அத்தகைய வீடொன்றில் உட்கார்ந்திருந்தேன். கால்பந்து ஆட்டம் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. மடிக்கணினியைக் கட்டிலின் மேல் வைத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதியில் பேட்டரி பத்து விழுக்காட்டுக்கு இறங்கியதும், ஒருவன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கையை நீட்டிச் சார்ஜரைச் செருகினான். அந்த நொடியில் பெற்றோரின் உரிமம் அந்த அறையை விட்டுப் போய்விட்டது. அங்கே இருந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. சார்ஜ் ஏற்றிய பிறகு பிடுங்கிவிட்டுப் பார்ப்பதுதான் சரி. அதேபோல, மடிக்கணினி பேட்டரியில் ஓடினாலும் அதிலிருந்து கம்பி இழுத்துப் பெரிய டிவியில் காட்டினால், அந்த டிவி சுவர் மின்சாரத்தில் ஓடுவதால் சலுகை கிடைக்காது. மகனிடம் தொலைபேசியில் பேசும்போது இதை ஒரு முறை சொல்லி வையுங்கள்.

கேள்வி: நாங்கள் பிபிசியே பார்ப்பதில்லை. தமிழ்ச் செய்திச் சேனல், ஐபிஎல், படங்கள் ஆகியவற்றைத்தான் பார்க்கிறோம். அதற்கும் பிபிசிக்குப் பணம் கட்ட வேண்டுமா? (ஒரு மாணவர், கிழக்கு லண்டன்)

பதில்: இந்தக் கேள்வியில் இருக்கும் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் விதி தெளிவானது. சேனல் எந்த நாட்டினுடையது, எந்த மொழியில் பேசுகிறது, இலவசமா, கட்டணமா என்பவை கணக்கில் வருவதில்லை. புதிய தலைமுறை, தந்தி டிவி போன்ற சேனல்களின் ஒளிபரப்பு யூடியூபில் அப்படியே நேரலையாக ஓடுகிறது. அதை ஓடும்போதே பார்ப்பது நேரலைத் தொலைக்காட்சி பார்ப்பதே ஆகும். தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாளில் விடிய விடிய அதைத் திறந்து வைத்திருக்கும் மாணவர் வீடுகளை நான் அறிவேன். அந்த ஒரு நாளுக்கும் உரிமம் வேண்டும். அதே சேனல் அன்று மாலை தனிக் காணொளியாக ஏற்றும் விவாதத்தை மறுநாள் பார்த்தால் வேண்டியதில்லை.

ஐபிஎல் ஆட்டத்தை நடக்கும்போதே எந்தச் சேனல் வழியாக, எந்தச் செயலி வழியாகப் பார்த்தாலும் உரிமம் தேவை. சந்தாவுக்குக் கட்டிய பணம் வேறு, இது வேறு. ஆட்டம் முடிந்தபின் வரும் தொகுப்பை, வேண்டிய நேரத்தில் தொடங்கிப் பார்க்கும் சேவையில் உரிமமில்லாமல் பார்க்கலாம். நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம், டிஸ்னி பிளஸ் ஆகியவற்றில் நமக்கு வேண்டிய நேரத்தில் தொடங்கிப் பார்க்கும் படங்களுக்கும் தொடர்களுக்கும் உரிமம் வேண்டாம். பிரிட்டனின் மற்றத் தொலைக்காட்சிச் சேவைகளான ஐடிவிஎக்ஸ், சேனல் 4 ஆகியவற்றின் பழைய நிகழ்ச்சிகளுக்கும் வேண்டாம். ஆனால் இப்போது அமேசானிலும் நெட்ஃபிளிக்ஸிலும்கூட விளையாட்டுகள் நேரலையாக வரத் தொடங்கிவிட்டன. அவற்றைப் பார்க்கும் நேரத்தில் உரிமம் தேவை. ஒரே செயலிக்குள்ளேயே ஒரு பொத்தானுக்கு உரிமம் வேண்டும், அடுத்த பொத்தானுக்கு வேண்டாம் என்ற நிலை மாணவர்களுக்கு நியாயமான குழப்பத்தைத் தருகிறது. இதைப் பல்கலைக்கழகங்கள் முதல் வார அறிமுகக் கூட்டத்திலேயே விளக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நேரலையைச் சற்று நிறுத்தி வைத்துப் பார்த்தாலும், ஒரு மணி நேரம் தள்ளி ஓடும் சேனலில் பார்த்தாலும் அதுவும் நேரலையே.

கேள்வி: புது வீட்டுக்கு வந்து மூன்று வாரத்தில் "சட்டப்படி குடியிருப்பவருக்கு" என்று விலாசமிட்ட கடிதம் வந்தது. விசாரணை தொடங்கப் போகிறோம் என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. நாங்கள் நேரலையும் பார்ப்பதில்லை, ஐபிளேயரும் பார்ப்பதில்லை. பயந்து கட்டிவிடலாமா? ஆள் வீட்டுக்கு வந்தால் உள்ளே விட வேண்டுமா? (நான்கு மாணவிகள், நாட்டிங்ஹாம்)

பதில்: பயந்து கட்ட வேண்டாம், கடிதத்தைக் கிழித்தும் போட வேண்டாம்.

அந்தக் கடிதம் உங்களைப் பார்த்து எழுதப்பட்டதன்று. உரிமம் வழங்கும் பொறுப்பு 1991 முதல் பிபிசியிடம் இருக்கிறது. அதன் சார்பில் "டிவி லைசென்சிங்" என்ற பெயரில் இந்த வேலை நடக்கிறது. உரிமம் இல்லாத முகவரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே அவர்கள் எழுதுகிறார்கள். பெயருக்குப் பதிலாகப் பொதுச் சொல் இருப்பது அதனால்தான். ஆண்டுதோறும் ஆள் மாறும் மாணவர் வீடுகளுக்கு இது அதிகம் வருகிறது. ஊரை விட்டுப் புதிதாக வந்து, வங்கிக் கணக்கே இன்னும் திறக்காத பிள்ளைகள் கையில் சிவப்பு எழுத்துக் கடிதம் சிக்கினால் அவர்கள் இரவெல்லாம் தூங்குவதில்லை. அப்படி ஒரு பெண் நான்காக மடித்த கடிதத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். விசா போய்விடுமா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. கடிதம் வந்ததால் யாருடைய விசாவும் போவதில்லை.

உங்களுக்கு உரிமம் தேவையில்லை என்றால் அதை இணையத்தில் அவர்களுடைய படிவத்தில் தெரிவிக்கலாம். தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் கிடையாது. தெரிவித்தால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குக் கடிதங்கள் நிற்கும். சொன்னது சரிதானா என்று பார்க்க ஒருவர் வரவும் கூடும். நால்வரில் ஒருவராவது இடையில் நேரலை பார்க்கத் தொடங்கினால், அந்த நாளிலிருந்தே உரிமம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

வீட்டுக்கு வருகிறவர் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர். அடையாள அட்டையைக் கேளுங்கள், காட்டக் கடமைப்பட்டவர். நீங்கள் சம்மதித்தாலொழிய அவர் உள்ளே வர முடியாது. நீதிமன்றம் தந்த தேடுதல் வாரண்ட் கையில் இருந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது தடுக்கக் கூடாது. வாரண்ட் இல்லாதபோது, "மன்னிக்கவும், இப்போது அனுமதிக்க முடியாது" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்துவது குற்றமாகாது. நம் வீடுகளில் வாசலில் நிற்பவரை உள்ளே அழைத்து உட்கார வைப்பதுதான் பண்பு என்று வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தால் உள்ளே விட்டுவிட்டு, கேட்டதற்கெல்லாம் "ஆமாம்" என்று தலையாட்டி, அவர் எழுதிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. அந்தத் தாள் வாக்குமூலம். நீதிமன்றத்தில் அதுவே சான்றாக வைக்கப்படும். ஒவ்வொரு வரியையும் படியுங்கள்; நீங்கள் சொல்லாதது இருந்தால் கையெழுத்திட மறுத்துவிடுங்கள்.

2003ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தின் 363ஆம் பிரிவின்படி, உரிமமில்லாமல் கருவியைப் பயன்படுத்துகிறவர் குற்றவாளி. பிறர் அப்படிப் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்தே கருவியைத் தம் வசம் வைத்திருப்பவரும் குற்றவாளி. ஆகவே "டிவி அவளுடையது, பார்த்தது நான்" என்ற வாதம் இருவரையும் காப்பாற்றாது.

மாணவர்களுக்கு உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய வழக்குகளை ஒரே நீதிபதி காகிதங்களைப் பார்த்தே முடித்துவிடும் நடைமுறை உண்டு. அதற்கான அறிவிப்பு தபாலில் வரும். 21 நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். குற்றத்தை மறுத்தால் முறையான விசாரணை கிடைக்கும். பதிலே அனுப்பாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். ஜூனில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன மாணவரின் பெயருக்கு ஆகஸ்டில் பழைய முகவரிக்குக் கடிதம் வந்தால், அது அடுத்துக் குடிவந்தவர்களின் செருப்பு அடுக்கில்தான் கிடக்கும். ஆகவே வீடு மாறும்போது ராயல் மெயிலின் தபால் திருப்பிவிடும் சேவைக்குப் பணம் கட்டுங்கள். இயலாவிட்டால் புதுக் குடித்தனக்காரரின் கைப்பேசி எண்ணையாவது வாங்கி வையுங்கள். தெரியாமலே தீர்ப்பாகிவிட்டது என்றால், தெரியவந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரம் அளித்து வழக்கை மீண்டும் திறக்கச் செய்யலாம். விசா விண்ணப்பப் படிவங்களில் குற்றத் தீர்ப்புகளைப் பற்றிய கேள்வி இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது. மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிலும் கட்டணமில்லாமல் உதவி கிடைக்கும். தனியாகப் பதில் எழுதும் முன் அங்கே ஒரு முறை போய் வாருங்கள்.

கேள்வி: அண்ணன் மகன் படிப்புக்காக வந்து எங்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறான். இன்னொரு அறையில் வாடகைக்கு ஒரு மாணவரும் இருக்கிறார். எங்கள் லைசென்ஸ் இருவருக்கும் போதுமா? (ஒரு வாசகர், நியூ மால்டன்)

பதில்: அண்ணன் மகன் உங்கள் குடும்பத்தவர், ஒரே கட்டடத்தில் வாழும்வரை உங்கள் உரிமம் அவருக்கும் சேரும். தோட்டத்தில் தனியே கட்டிய அறையில் அவரைக் குடிவைத்தால் அப்படிச் சொல்ல முடியாது. வாடகைக்கு இருக்கும் மாணவர் உறவினர் அல்லர் என்பதால், தம் அறையில் பார்ப்பதானால் தமக்கென்று எடுக்க வேண்டும். உங்கள் கூடத்தில் உங்களோடு உட்கார்ந்து பார்த்தால் உங்கள் உரிமமே போதும். இதை அவர் குடிவந்த நாளிலேயே சொல்லிவிடுவது அவருக்கு நீங்கள் செய்யும் உதவி.

கேள்வி: கோடை விடுமுறையில் மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். அதற்கும் சேர்த்துக் கட்டத்தான் வேண்டுமா? ஒரே தடவையாகக் கட்ட எங்களிடம் பணமும் இல்லை. (ஒரு மாணவர், கார்டிஃப்)

பதில்: வேண்டியதில்லை. படிப்பு முடிந்தோ வீட்டைக் காலி செய்தோ போகும்போது, உரிமம் முடிய முழுதாக ஒரு மாதமாவது மீதம் இருந்து, அதற்குள் அது உங்களுக்கு மறுபடி தேவைப்படாது என்றால், மீத மாதங்களுக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம். செப்டம்பரில் எடுத்தவர் ஜூனில் போனால் ஒரு பகுதித் தொகை திரும்பும். இதைக் கேட்காமலே விமானம் ஏறிவிடுகிறவர்கள்தாம் அதிகம். ஊர் திரும்பிய பிறகும் கேட்கலாம். உரிமம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகாமல் இருந்தால் போதும். பணம் வந்து சேர பிரிட்டன் வங்கிக் கணக்கு தேவைப்படலாம் என்பதால், கணக்கை மூடுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

தவணையாகக் கட்ட வழி உண்டு. வங்கியிலிருந்து மாதாமாதம் நேரடியாகப் பிடித்துக்கொள்ளச் செய்யலாம். ஆனால் முதல் ஆண்டின் முழுத் தொகையையும் முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்துவிடுவார்கள். அதாவது 2025இன் 174.50 பவுண்டுக் கணக்கில் மாதம் ஏறத்தாழ 29 பவுண்டு. அதன் பிறகே அடுத்த ஆண்டுக்கான சிறிய தவணை தொடங்கும். ஜூனில் விலகுகிறவர் உரிமத்தை நிறுத்தச் சொல்லவில்லை என்றால் அந்தச் சிறிய தவணை தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

கேள்வி: "உங்கள் டிவி லைசென்ஸ் இன்று முடிகிறது, உடனே இந்த இணைப்பில் கட்டவும்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் லைசென்ஸ் எடுத்ததே இல்லை. (ஒரு மாணவி, கிளாஸ்கோ)

பதில்: அது மோசடி. எடுக்காத உரிமம் எப்படி முடியும்? உண்மையான மின்னஞ்சலில் உங்கள் பெயரோ அஞ்சல் குறியீட்டின் ஒரு பகுதியோ இருக்கும். மோசடியில் "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று மட்டும் இருக்கும், அல்லது உங்கள் மின்னஞ்சல் முகவரியையே பெயராகப் போட்டிருப்பார்கள். இணைப்பை அழுத்தாமல் அழித்துவிடுங்கள். உரிமம் எடுக்க வேண்டியிருந்தால் டிவி லைசென்சிங் இணையதளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். இணைப்பை அழுத்தி அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே உங்கள் வங்கியைத் தொலைபேசியில் அழையுங்கள்.